அறியாமையின் பட்டியல்: நியூட்ரான் விண்மீன், வினைவேகம், போடி மலை

1

2015இல் நாங்கள் ஒரு துண்டறிக்கை போட்டோம். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வரக்கூடாது என்பது அதன் சாரம். நான் எழுதிய பத்தியில் ஒரு வாக்கியம் இருந்தது: 'நியூட்ரினோ என்பது நியூட்ரான் குண்டுக்கு மூலப்பொருள்.' அப்போது எனக்கு இருபத்தைந்து வயசு. எம்.ஏ. தமிழ். இயற்பியல் பத்தாம் வகுப்போடு சரி. ஒலி ஒற்றுமையை வைத்துப் பொருள் ஒற்றுமை கண்டுபிடிப்பது எங்கள் துறையின் பழைய வியாதி. அதைத்தான் அங்கேயும் செய்திருந்தேன்.

போடி பஸ் ஸ்டாண்டிலும் தேவாரத்திலும் கொடுத்தோம். யாரும் அந்த வாக்கியத்தைக் கேள்வி கேட்கவில்லை, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த எங்கள் தெருப் பையன் ஒருத்தனைத் தவிர. "அண்ணே, நியூட்ரான் வேற, நியூட்ரினோ வேறண்ணே. நீங்க எழுதினது தப்பு" என்றான். நான் அவனிடம் திருப்பிக் கேட்டது: "நீ யார் பக்கம்டா?" அவன் அதற்கப்புறம் ஒன்றும் பேசவில்லை.

இந்தக் கட்டுரை அவனுக்குத் தாமதமாகச் சொல்கிற பதில். இயக்கத்திலிருந்து விலகிப்போனவனின் மனமாற்ற வாக்குமூலமாக இதை யாரும் வாசிக்க வேண்டாம். மலையைக் குடைவதற்கு எதிராக அன்று நின்ற இடத்தில்தான் இன்றும் நிற்கிறேன். ஆனால் எதைத் தெரிந்துகொண்டு நிற்கிறேன், எதைத் தெரியாமல் நிற்கிறேன் என்று பிரித்துச் சொல்ல அன்று எனக்கு வக்கில்லை. அந்தப் பிரித்தலைக் கற்றுக்கொண்டது நான் கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்தில்: நியூட்ரான் விண்மீன்களின் மேல் நடக்கும் வெடிப்புகளைக் கணக்கிடுகிறவர்கள் வைத்திருக்கும் எண் அட்டவணைகளில்.

2

முதலில் சொற்களைப் பிரிப்போம். நியூட்ரான் அணுக்கருவுக்குள் இருக்கிற, மின்னூட்டம் இல்லாத துகள். 1932இல் சாட்விக் கண்டறிந்தார். நியூட்ரினோ 1930இல் பவுலி சொன்ன ஊகம். பீட்டா சிதைவில் ஆற்றல் கணக்கு இடித்தது. கண்ணுக்குப் படாத ஏதோ ஒன்று கொஞ்சம் ஆற்றலைத் தூக்கிக்கொண்டு போகிறது என்றார். ஃபெர்மி அதற்கு இத்தாலிய மொழியில் 'குட்டி நியூட்ரான்' என்பதுபோலப் பெயர் வைத்தார். எனக்கு வந்த குழப்பத்தின் வேர் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. ஊகம் 1956இல்தான் அளவீடு ஆனது. இடையில் 26 வருஷம். ஊகத்துக்கும் அளவீட்டுக்கும் நடுவே உள்ள இந்தத் தூரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க அதைப் பற்றித்தான்.

நியூட்ரான் விண்மீன் இரண்டுக்கும் வேறானது. பெரிய விண்மீன் ஒன்று தன் எரிபொருள் தீர்ந்து இடிந்து விழும்போது மிஞ்சுகிற கரு அது. சூரியனைவிடக் கூடுதலான நிறை, சுமார் 20 கிலோமீட்டர் விட்டத்துக்குள் அடைபட்டிருக்கும். போடிக்கும் தேனிக்கும் உள்ள தூரத்தைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு பூமியில் உள்ளதைப்போலப் பத்தாயிரம் கோடி மடங்குக்கும் மேல்.

இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பக்கத்திலேயே சாதாரண விண்மீன் ஒன்று சோடியாகச் சுற்றிக்கொண்டிருந்தால், அதிலிருந்து ஹைட்ரஜனும் ஹீலியமும் வழிந்து இதன்மேல் விழுகிறது. மணிக்கணக்கில் சேர்கிறது. சில மீட்டர் கனத்துக்கு அடுக்கு ஏறியதும் அடியில் அழுத்தமும் வெப்பமும் எல்லை தாண்டி, மொத்த அடுக்கும் குப்பென்று பற்றிக்கொள்கிறது. சூரியன் சில நாட்களில் கொட்டுகிற ஆற்றல் பத்து இருபது விநாடிகளில் எக்ஸ் கதிராக வெளியே வருகிறது. பிறகு அடங்குகிறது. மறுபடி சேர்கிறது. மறுபடி வெடிக்கிறது. 1975இல் டச்சுச் செயற்கைக்கோள் ஒன்றின் பதிவிலிருந்து இந்த வெடிப்புகள் தெரியவந்தன. ஜி.எஸ். 1826-24 என்று எண் போட்ட ஒன்று, பல வருஷங்களாகச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் மாதிரி வெடித்துக்கொண்டிருந்தது.

இந்தியாவிலும் இதைப் பார்க்கிறவர்கள் உண்டு. நாங்கள் துண்டறிக்கை கொடுத்த அதே 2015, செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அஸ்ட்ரோசாட் மேலே போனது. அதிலுள்ள பெரிய எக்ஸ் கதிர்க் கருவியைச் செய்தது மும்பை டாடா அடிப்படை ஆய்வு நிறுவனம். பொட்டிப்புரம் திட்டத்தை முன்னின்று நடத்தியதும் அதே நிறுவனம். எங்கள் மேடைகளில் 'டாடா' என்ற பெயர் கம்பெனியாகவே உச்சரிக்கப்பட்டது. அது அணுசக்தித் துறையின் கீழுள்ள அரசு நிறுவனம் என்று எங்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் விமர்சனம் குறைந்திருக்காது. இலக்கு சரியாக இருந்திருக்கும்.

3

செயற்கைக்கோள் கொடுப்பது ஒரு கோடு மட்டும்: சரசரவென்று ஏறி, உச்சம் தொட்டு, மெல்ல இறங்குகிற வெளிச்சக் கோடு. அதை ஒரு பிரதி என்று வைத்துக்கொண்டால் வாசிக்க ஒரு நிகண்டு வேண்டும். அந்த நிகண்டுதான் வினைவேக அட்டவணை.

வினைவேகம் என்றால் என்ன? இரண்டு அணுக்கருக்கள் மோதினால் எத்தனை தடவைக்கு ஒரு தடவை ஒட்டிக்கொள்ளும் என்பதன் கணக்கு. இரண்டுக்கும் நேர்மின்னூட்டம், ஒன்றையொன்று தள்ளும். அநேகமாக எல்லா மோதலும் வீண். எப்போதாவது ஒன்று, குவாண்டம் விதிப்படி, தாண்ட முடியாத சுவரை ஊடுருவி உள்ளே போய்விடும். வெப்பம் கொஞ்சம் ஏறினால் இந்த 'எப்போதாவது' அடியோடு மாறிவிடுகிறது. மூன்று ஹீலியம் சேர்ந்து கார்பனாகும் வினையின் ஆற்றல், பத்துக் கோடி டிகிரி வாக்கில், வெப்பநிலையின் நாற்பதாம் அடுக்குப்போல ஏறும். வெப்பம் பத்து சதவீதம் கூடினால் வேகம் நாற்பது மடங்குக்கு மேல். குப்பென்று பற்றுவது இதனால்தான்.

அட்டவணையின் வடிவம் எளிமையானது. ஒவ்வொரு வினைக்கும் ஏழு எண்கள். ஒரு பொதுச் சூத்திரத்தில் அந்த ஏழையும் வெப்பநிலையையும் போட்டால், ஒரு கோடி டிகிரியிலிருந்து ஆயிரம் கோடி டிகிரி வரை எந்த வெப்பத்திலும் வேகம் என்ன என்று வந்துவிடும். சில வினைகளுக்கு இந்த ஏழு இரண்டு மூன்று தொகுதியாக வரும், கூட்டிக்கொள்ள வேண்டும். இந்த மாதிரி அட்டவணைகளைப் பதிற்றாண்டுகளாகத் தொகுத்துப் புதுப்பித்தவர்களில் முதன்மையானவர் கலிஃபோர்னியாவின் வில்லியம் ஃபௌலர். 1983இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தபோது பாதியைப் பகிர்ந்துகொண்டவர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். நம் பாடப்புத்தகங்கள் சந்திரசேகரை மட்டும் சொல்லும். விண்மீன் இடியும் எல்லையைக் கணக்குப் போட்டவரும், விண்மீனுக்குள் எது என்ன வேகத்தில் எரிகிறது என்று ஆய்வகத்தில் உட்கார்ந்து அளந்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள் என்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். வெடிப்பைக் கணினியில் நடத்திப் பார்க்கிற பெரிய மாதிரிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கரு வகைகளும் அவற்றை இணைக்கும் பல்லாயிரம் வினைகளும் இருக்கும். இவற்றில் பெரும்பாலானவை ஆய்வகத்தில் யாரும் நேரடியாக அளக்காதவை. சில அளக்கப்பட்டவை. சில, அதிக ஆற்றலில் அளந்து கோட்டைக் கீழ்நோக்கி நீட்டிக்கொண்டவை. சில, கண்ணாடிப் பிம்பம் போன்ற இன்னொரு அணுக்கருவைப் பார்த்து அனுமானித்தவை. மீதி முழுக்கக் கோட்பாட்டுக் கணக்கு. அச்சில் பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும்: எல்லாமே ஏழு எண்கள், எல்லாவற்றுக்கும் ஒரே அளவு தசம இலக்கம். அளந்ததும் ஊகித்ததும் பந்தியில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். எண்ணின் அதிகாரம் என்று நாம் சொல்வது இந்தச் சமதோற்றத்திலிருந்து பிறக்கிறது.

ஆனால் 'ரியாக்லிப்' என்கிற, பலரும் பயன்படுத்தும் அட்டவணையில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் குறி. இந்த எண் எந்த ஆய்விலிருந்து வந்தது என்று சொல்லும் குறி. எனக்கு முதலில் அது அச்சுப்பிழை மாதிரி தெரிந்தது. பிற்பாடுதான் புரிந்தது, அட்டவணையின் நேர்மை முழுக்க அந்தக் குறியில் இருக்கிறது என்று.

4

வெடிப்புக்குள் என்ன நடக்கிறது என்பதைப் போடிக்காரனுக்குச் சொல்வது சுலபம். விடிகாலையில் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் போடிமெட்டுக்கு ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். பதினேழு கொண்டை ஊசி வளைவு. ஒரு ஜீப் ஓட்டுகிற அண்ணனிடம் மேலே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். "ரோட்டைக் கேக்காதீக தம்பி, வளைவைக் கேளுங்க. எந்த வளைவுல லாரி நிக்குதோ அதான் டைம்" என்றார்.

வெடிப்பில் அணுக்கருக்கள் இப்படித்தான் ஏறுகின்றன. புரோட்டான் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொள்ள, தனிமம் அடுத்த தனிமமாகிறது. நூறு கோடி டிகிரியைத் தாண்டிய வெப்பத்தில் இந்த ஏற்றம் மின்னல் வேகம். ஆனால் சில வளைவுகளில் நின்றுவிடும். ஜெர்மானியம்-64 அப்படிப்பட்ட ஒரு வளைவு. அதன்மேல் ஒரு புரோட்டான் ஒட்டினால் ஆர்சனிக்-65. அது நிற்காமல் புரோட்டானை உடனே துப்பிவிடுமானால், பீட்டா சிதைவு நடக்கும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை. ஜெர்மானியம்-64இன் அரைவாழ்வு சுமார் 64 விநாடி. மொத்த வெடிப்பே ஒன்றிரண்டு நிமிஷம் எனும்போது இது எவ்வளவு பெரிய காத்திருப்பு என்று பார்த்துக்கொள்ளுங்கள். செலினியம்-68, கிரிப்டான்-72 ஆகியவையும் இதே மாதிரியான வளைவுகள். வெளிச்சக் கோட்டின் நீண்ட வால், இந்த வளைவுகளில் நின்ற நேரத்தின் சுவடு.

அப்படியானால் ஆர்சனிக்-65 துப்புமா, துப்பாதா? அதைத் தீர்மானிப்பது அதன் துல்லியமான நிறை. 2011இல் சீனாவின் லான்ஜோ நகரத்திலுள்ள சேமிப்பு வளையத்தில் அந்த நிறையை அளந்தார்கள். பயந்த அளவுக்கு அந்த வளைவில் நெரிசல் இல்லை, ஓட்டத்தின் பெரும்பகுதி தாண்டிப் போய்விடும் என்று தெரிந்தது. பூமியில் ஓர் அணுக்கருவை எடை போட்டதில், பல்லாயிரம் ஒளியாண்டு தள்ளி நடக்கும் வெடிப்பின் வாசிப்பு மாறியது.

இன்னொன்று. ஒவ்வொரு வளைவிலும் பீட்டா சிதைவு நடக்கும்போது ஒரு நியூட்ரினோ வெளியேறுகிறது. எதையும் தொடாமல் போய்விடுகிறது. என் துண்டறிக்கை குண்டாக்கிய அந்தத் துகளின் உண்மையான குணம் அது.

5

இந்த அளவீடுகளுக்கும் நம் மலைக்கும் என்ன சோலி என்று கேட்கலாம். இருக்கிறது.

விண்மீனுக்குள் நடக்கிற வினைகளை அதே ஆற்றலில் ஆய்வகத்தில் நடத்தினால், பல வினைகளில் மாதத்துக்குச் சில நிகழ்வுகள் மட்டுமே தேறும். அதே நேரத்தில் வானிலிருந்து அண்டக் கதிர்கள் ஓயாமல் பொழிந்து கருவியில் இரைச்சல் கிளப்பும். சந்தைக்கடையில் ஊசி விழும் ஓசையைக் கேட்பது மாதிரி. அதனால் மலைக்கு அடியில் போகிறார்கள். இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்குள், 1400 மீட்டர் பாறைக்குக் கீழே 'லூனா' என்ற சின்ன முடுக்கி 1990களிலிருந்து இதைச் செய்துவருகிறது. நைட்ரஜன்-14 புரோட்டானைப் பிடிக்கும் வேகம், அதுவரை நம்பியதில் ஏறக்குறையப் பாதிதான் என்று 2004இல் அங்கே தெரியவந்தது. விளைவு? நம் பால்வீதியின் மிகப் பழைய விண்மீன் கொத்துகளின் வயது நூறு கோடி வருஷம்வரை கூட்டி எழுதப்பட்டது. அட்டவணையில் ஒரு வரி பாதியானதற்கு இவ்வளவு.

நியூட்ரினோவைப் பார்ப்பதற்கும் இதே காரணத்துக்காகத்தான் பாறை வேண்டும். 1965இல் கோலார் தங்கவயலின் ஆழத்தில், வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடம் முதன்முதலாகப் பதிவானது. அந்தச் சுரங்கம் மூடியபின் புது இடம் தேடினார்கள். முதலில் நீலகிரியின் சிங்காரா. யானை வழி, புலிக் காப்பகம் என்று 2009இல் மறுக்கப்பட்டது. அப்புறம்தான் போடி மேற்கு மலை. 2010இல் அனுமதி, 2015 தொடக்கத்தில் மத்திய அமைச்சரவை ஒப்புதல், ஏறத்தாழ 1500 கோடி ரூபாய். சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதை, அதன் முடிவில் ஒரு குகை, அதற்குள் 50,000 டன் இரும்பு.

இந்த இரும்பில் அணு உலை இல்லை, எரிபொருள் இல்லை, கதிர்வீச்சுக் கழிவு இல்லை. பொழிந்துகொண்டே இருக்கும் நியூட்ரினோக்களில் எப்போதாவது ஒன்று இரும்பில் மோதினால் பதிவு செய்வது மட்டும் அதன் வேலை. இதை நம் மேடைகளில் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் எதிர்ப்பு தளரும் என்று பயந்தோம்.

அந்தப் பயம் தேவையற்றது. ஏனெனில் விஞ்ஞானத்தின் மொழியில் மலைக்கு ஒரே அர்த்தம்தான்: கூரை. எத்தனை மீட்டர் பாறை, என்ன அடர்த்தி, விரிசல் உண்டா, அவ்வளவுதான் கேள்வி. ஊர்க்காரர்களுக்கு அது அம்பரப்பர் மலை. மலைமாடு மேய்கிற இடம், ஓடைக்குத் தண்ணி இறங்குகிற இடம், சாமி இருக்கிற இடம். இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையில் மோதல் உண்மையானது. அதைச் சொல்லக் குண்டுக்கதை தேவையே இல்லை.

6

வெடிப்பு ஆய்வாளர்களிடம் நான் வியந்த பழக்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் தங்கள் அறியாமையைப் பட்டியல் போடுகிறார்கள். ஒவ்வொரு வினைவேகத்தையும் கணினியில் கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. வெளிச்சக் கோடு எவ்வளவு ஆடுகிறது என்று குறித்துக்கொள்வது. ஆயிரக்கணக்கான எண்களை ஆட்டினாலும் கோடு அசைவதில்லை. சில எண்களைத் தொட்டால் முழுக்கோலமும் மாறிவிடுகிறது. 2016இல் வந்த இப்படிப்பட்ட விரிவான ஆய்வொன்றில் தலையாய இடத்தில் நின்றது, ஆக்ஸிஜன்-15 ஒரு ஹீலியத்தைப் பிடித்து நியான்-19 ஆகும் வினை. மலையேற்றத்தின் அடிவாரக் கேட் அது. ஆக்ஸிஜன்-15 இரண்டு நிமிஷத்தில் பாதி அழிந்துவிடும் பொருள் என்பதால், அதை வைத்து இலக்கு செய்து சாவகாசமாக அளக்க முடியாது. சுற்றுவழியில் மதிப்பிட்ட எண்ணை வைத்துத்தான் காலம் தள்ளினார்கள்.

வானம் அதற்கு ஒரு கடிவாளம் போட்டது. அந்த எண்ணை ரொம்பக் குறைத்தால் சில மாதிரிகளில் வெடிப்பே நின்று, அடுக்கு அமைதியாக எரிந்து போகிறது. ஆனால் வானத்தில் வெடிக்கிறதே! ஆக, எண் இதற்குக் கீழே இருக்க முடியாது. அறியாமை என்பது வெறும் இருட்டு இல்லை. அதற்கு எல்லை வரையலாம், வரிசை போடலாம், எந்த அறியாமை ஆபத்தானது என்று சொல்லலாம்.

இப்போது பொட்டிப்புரத்தின் கோப்புகளுக்கு இதே சோதனையை வைத்துப் பாருங்கள். எந்த எண்ணைத் தொட்டால் திட்டம் ஆடியது? எங்கள் குண்டுக்கதையில் அது ஒரு மயிரளவும் ஆடவில்லை. விஞ்ஞானிகள் ஒரு மறுப்புக் கூட்டம் போட்டுக் கடந்து போனார்கள். கூடவே எங்கள் நியாயமான கேள்விகளையும் மூடநம்பிக்கைக் கணக்கில் எழுதிவிட்டார்கள். ஆட்டியது வேறு எண்: 4.9. மதிகெட்டான் சோலை தேசியப் பூங்காவுக்கும் திட்ட இடத்துக்கும் இடையே உள்ள கிலோமீட்டர். ஐந்துக்குள் இருந்தால் திட்டத்தின் வகையே மாறும், தில்லியில் கடுமையான பரிசீலனை வேண்டும் என்பது விதி. பூவுலகின் நண்பர்கள் தொடுத்த வழக்கில், 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பழைய அனுமதியை நிறுத்திவைத்தது. நூறு மீட்டர் தள்ளியிருந்தால் கதை வேறு.

அடுத்த ஆண்டே, 2018 மார்ச்சில், மத்திய அமைச்சகம் இதைச் சிறப்பு நேர்வு என்று சொல்லிக் கட்டட-கட்டுமான வகையான 8(அ) பிரிவில் வைத்து அனுமதி கொடுத்தது. அந்தப் பிரிவுக்கு மக்கள் கருத்துக்கேட்பு விதிப்படி கட்டாயமில்லை. மலையைக் குடைவது அடுக்குமாடி கட்டுவதோடு ஒரே அட்டவணையில் உட்கார்ந்தது. ஆய்வகத்தில் ஒவ்வோர் எண்ணுக்கும் 'இது எங்கிருந்து வந்தது' என்று குறி போடும் அதே அறிவுலகம், இந்த வகைப்படுத்தலுக்கு அந்தக் குறியைக் கேட்கவில்லை. வெடிவைத்தால் ஊற்றுக்கண் என்னாகும். அது அளந்ததா, நீட்டியதா, ஊகமா? என் விமர்சனம் நியூட்ரினோவின் மீதானதல்ல. தங்கள் துறைக்குள் கடைப்பிடிக்கும் ஒழுங்கை மலையடிவாரத்துக்கு வரும்போது கழற்றி வைத்துவிடுகிறார்கள் என்பதுதான்.

2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு, புலிகளின் வழித்தடத்தைச் சொல்லி, அனுமதிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. சுரங்கம் தோண்டப்படவில்லை. மதுரை பக்கம் வடபழஞ்சியில் 85 டன் இரும்பில் ஒரு சின்ன மாதிரிக் கருவி இயங்கியது. இங்கே அறிய நினைத்த கேள்விகளில் முக்கியமான ஒன்றுக்காக, 2025 ஆகஸ்டில் சீனாவின் ஜூனோ ஆய்வகம் தரவு எடுக்கத் தொடங்கியது. இதில் நமக்கு ஓர் இழப்பு இருக்கிறது என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். இழப்பே இல்லை என்று பேசுகிற வெற்றி, பாதி வெற்றி.

7

ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற ஓர் அக்காவிடம் ஒருமுறை கேட்டேன், பச்சைக் காய் எவ்வளவு காய்ந்தால் ஒரு கிலோ வரும் என்று. "அஞ்சு கிலோ போட்டா ஒரு கிலோ தம்பி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது நல்லா விளைஞ்ச காய்க்கு. மழைக்காலத்துல எடுத்ததுன்னா நான் சொல்ல மாட்டேன், ஸ்டோர்ல போட்டுப் பாத்தாத்தான் தெரியும்" என்றார். ஒரே மூச்சில் எண்ணையும் சொல்லி, அது செல்லும் எல்லையையும் சொல்லி, தனக்குத் தெரியாததையும் சொல்லிவிட்டார். எனக்கு எம்.ஏ. வரைக்கும் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

நண்பர்களே, அடுத்து ஒரு துண்டறிக்கை எழுத வேண்டி வரும், வராமல் இருக்காது. அதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில் ஒரு குறி போடுவோம்: இது நாங்கள் பார்த்தது, இது அனுமானித்தது, இது எங்களுக்குத் தெரியாதது, ஆனால் இதைத் தெரிந்துகொள்ளாமல் மலையைத் தொடக்கூடாது. கடைசி வகைதான் நம் பக்கத்தின் பலமான வாதம். எழுதிய கையோடு அதை முதலில் அந்தப் பையனிடம் காட்ட வேண்டும். இப்போது அவன் பெங்களூரில் எங்கேயோ வேலையில் இருக்கிறான். யார் பக்கம் என்று இந்தத் தடவை கேட்க மாட்டேன்.